நாலாவது அத்தியாயம்

வீட்டில் ஒருவருக்கு டைபாய்டு கண்டால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வாசல் கதவைச் சத்தமில்லாமல் சாத்துவார்கள். குழந்தையை 'உஸ்' என்று அடக்குவார்கள். பார்க்க வந்தவர்களிடம் கூடத்திலேயே தாழ்ந்த குரலில் இரண்டு வார்த்தை பேசி அனுப்பிவிடுவார்கள். போன மாதம் புதுக்கோட்டையில் என் அண்ணன் மகள் வீட்டுக்குள் காலடி வைத்தபோது எனக்கு அப்படித்தான் திக்கென்றது.

"யாருக்கு உடம்பு?" என்றேன்.

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு, சம்பந்தி. மருமக தீஸிஸ் எழுதுது" என்றார் அவளுடைய மாமியார், விரலை உதட்டில் வைத்து.

பூஜை மாடத்தில் அச்சு வெல்லம் ஒன்று தனியாக ஒரு தட்டில் இருந்தது. நம் பக்கத்துப் பெண்களுக்கு அதன் அர்த்தத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ஏதோ பொருள் காணாமல் போயிருக்கிறது. அரைக்காசு அம்மனுக்கு வேண்டுதல்! கேட்டேன். ஆராய்ச்சிக் குறிப்பு எழுதிய பச்சை அட்டை நோட்டுப் புத்தகத்தைப் பதினைந்து நாளாகக் காணோமாம்.

அம்மனின் சொந்த ஊரிலேயே இருந்துகொண்டு வீட்டில் வெல்லம் வைப்பானேன் என்று நினைத்தேன். திருக்கோகர்ணம் இவர்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம். அங்கே கோகர்ணேசுவரர் கோயிலில் இருக்கும் பிரகதாம்பாள்தான் தொண்டைமான்களின் குலதெய்வம். அந்த ராஜ்யத்தில் அம்பாளின் உருவத்தைப் பொறித்து 'அம்மன் காசு' என்று ஒரு சின்னஞ்சிறு செப்புக் காசு அடித்தார்கள். மறுபக்கத்தில் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்றிருக்கும். காசிலே வந்ததால் அம்பாளுக்கே அரைக்காசு அம்மன் என்று பெயர் நிலைத்துவிட்டது. ராஜ்யம் 1948-ல் இந்தியாவோடு இணைந்தது. காசும் செல்லாக்காசு ஆயிற்று. ஆனால் சாவிக்கொத்து தொலைந்தாலும் மூக்குக்கண்ணாடி தொலைந்தாலும் இன்றைக்கும் அவளைத்தான் கூப்பிடுகிறோம்.

"கோயிலுக்கே போய் வேண்டிக்கொள்வதுதானே?" என்றேன்.

"அது வராதுங்க. தீஸிஸ் முடியற வரைக்கும் கோயில் கிடையாதுன்னு சொல்லிடுச்சு. இந்த வருஷம் கொலுவும் வைக்கலை."

உள்ளே போனேன். மேஜையைச் சுற்றிக் காகித மலைகள். மடிக்கணினி திறந்திருந்தது. திரையில் 'இயல் நான்கு' என்ற தலைப்பு. அதற்குக் கீழே வெறும் வெள்ளை. நாற்பது நாளாக அந்த வெள்ளையைத்தான் பார்த்துக் கொண்டிருக்கிறாளாம். கண்ணுக்குக் கீழே மை தீட்டியது போல் கறுத்திருந்தது. சிரிக்க முயன்றாள், வரவில்லை.

நான் அவளைக் குழந்தையிலிருந்து அறிவேன். வாயாடி. வீணை வாசிப்பாள். அடுத்த வீட்டுக் கல்யாணத்தில் அப்பளம் நொறுங்கும் சத்தத்துக்கு ராகம் சொல்லிச் சிரிக்க வைத்தவள். கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்த பிறகு, அசட்டுத் துணிச்சலோ அசல் துணிச்சலோ, ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். இப்போது ஐந்தாவது வருஷம் நடக்கிறது. சேர்ந்த இரண்டாம் வருஷத்தில் தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக் கொண்டாள்: முடிகிற வரை கோயில் இல்லை, சினிமா இல்லை, சிநேகிதிகள் இல்லை, வீணை இல்லை. அலமாரியின் மேல் உறையோடு படுத்திருந்தது வீணை. அதன்மேல் தூசி. அவள் ஆராய்ச்சி எதைப் பற்றித் தெரியுமா? குடுமியான்மலை இசைக் கல்வெட்டைப் பற்றி! சங்கீதத்தைப் பற்றி எழுதுவதற்காகச் சங்கீதத்தை விரதம் இருக்கிறாள்.

அன்று ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினாள். பதிவை ரத்து செய்துகொள்கிறேன் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதியிருந்தாள். தேதி மட்டும் போடவில்லை.

"திங்கட்கிழமை அனுப்பிடலாம்னு இருக்கேன், அத்தை. இவர்கிட்ட இன்னும் சொல்லலை."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு படிப்பை விட்டுவிடுவது பாவமென்று நான் நினைக்கவில்லை. விட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்களை எனக்குத் தெரியும். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுதின கடிதம் எதையும் பகல் வெளிச்சத்தில் ஒரு தரம் படித்துப் பார்க்காமல் தபாலில் சேர்க்கக் கூடாது என்பது என் கொள்கை. "நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. நான் குடுமியான்மலை பார்த்ததில்லை. என்னை அழைத்துக்கொண்டு போ. திங்கட்கிழமை உன் இஷ்டம்" என்றேன். விருந்தாளி கேட்டால் மறுக்க முடியாதல்லவா? நம் குடும்பங்களில் பெண்கள் தங்களுக்காக வெளியே கிளம்ப மாட்டார்கள், விருந்தாளிக்காகக் கிளம்புவார்கள்.

காலையில் வாடகைக் காரில் கிளம்பினோம். குடுமியான்மலை சுமார் 20 கிலோமீட்டர். குழந்தையும் வந்தான், சம்பந்தி அம்மாளும் எலுமிச்சஞ்சாதத்தோடு வந்துவிட்டார். வழியில் நான் முத்துலட்சுமி ரெட்டியின் பேச்சை எடுத்தேன். அவர் 1886-ல் இதே புதுக்கோட்டையில் பிறந்தவர். பெண் பிள்ளை காலேஜில் சேருவதா என்று ஊரே ஆட்சேபித்தபோது, மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்து மகாராஜா கல்லூரியில் சேர்ந்தவர். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போய் 1912-ல் டாக்டராக வெளியே வந்தார். அவ்வளவு கடுமையான படிப்பின் நடுவில்தான் சரோஜினி நாயுடுவின் சிநேகம் அவருக்குக் கிடைத்தது. பெண்கள் கூட்டங்களுக்கும் போய் வந்தார். பரீட்சை முடியட்டும், பிறகு மனிதர்களைப் பார்க்கலாம் என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டிருந்தால், பின்னாளில் சட்டசபைக்குப் போய்த் தேவதாசி முறைக்கு எதிராகப் பேசிய முத்துலட்சுமி நமக்குக் கிடைத்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

"அவங்க பெரியவங்க, அத்தை" என்றாள் என் மருமகள். வாயை மூடிக்கொண்டேன். பெரியவர்களின் வாழ்க்கையை உதாரணம் காட்டுவதில் இந்த ஆபத்து ஒன்று உண்டு.

குடுமியான்மலைக் கோயிலில் சுவாமிக்குச் சிகாநாதர் என்று பெயர். சிகை என்றால் குடுமி. லிங்கத்தின் உச்சியில் குடுமி போலவே ஒரு முடிச்சு உண்டு. அதற்கு ஊரில் சொல்லும் கதையை அவள்தான் சொன்னாள். முன்னொரு காலத்தில் அர்ச்சகர் ஒருவர், சுவாமிக்கு வைத்திருந்த பூவைத் தன் பிரியமான பெண்ணுக்குச் சூட்டிவிட்டார். எதிர்பாராமல் ராஜா தரிசனத்துக்கு வந்துவிட்டார். அவசரத்தில் அதே பூவை வாங்கிச் சுவாமிக்குச் சாற்றி, ராஜாவுக்குப் பிரசாதமாகக் கொடுத்தார் அர்ச்சகர். பூவில் ஒரு நீள மயிர்! "இதென்ன?" என்றார் ராஜா. "எங்கள் சுவாமிக்குக் குடுமி உண்டு" என்று அளந்துவிட்டார் இவர். ராஜா நேரில் பார்க்கவேண்டும் என்று சொல்ல, பக்தன் பயந்து நடுங்க, சுவாமி பரிதாபப்பட்டு நிஜமாகவே குடுமி முளைத்துக்கொண்டு நின்றாராம்.

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். பிறகு மெதுவாக, "அத்தை, நானும் அந்த அர்ச்சகர் மாதிரிதான் மாட்டிக்கிட்டிருக்கேன். நாலாவது அத்தியாயம் ரெடியா இருக்குன்னு என் கைடுகிட்ட ஆவணி மாசமே சொல்லிட்டேன்" என்றாள்.

"அப்போ சுவாமிக்கிட்ட கேளு. குடுமி முளைக்க வெச்சவருக்கு ஒரு அத்தியாயம் முளைக்க வெக்கத் தெரியாதா?" என்றார் சம்பந்தி அம்மாள், வெகு சாவதானமாக.

அவ்வளவுதான். அந்தப் பெண் சிரிக்க ஆரம்பித்தாள். பிராகாரத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். குழந்தை ஒன்றும் புரியாமல் கூடவே சிரித்தான். மாமியாருக்கு இவ்வளவு ஹாஸ்யம் உண்டென்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்ததாம். வீட்டில்தான் பேச்சே நடப்பதில்லையே!

கோயிலுக்குப் பின்னால், மலையைக் குடைந்த மேலைக்கோயிலின் பக்கத்தில் பாறையிலே இருக்கிறது அந்தக் கல்வெட்டு. ஏறத்தாழ 13 அடிக்கு 14 அடி. 38 வரிகள், பல்லவ கிரந்த எழுத்து. ஏழாம் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மகேந்திரவர்மப் பல்லவன் வெட்டியது என்று ஒரு கட்சி, இல்லை என்று ஒரு கட்சி. ருத்ராசாரியார் என்பவரின் சிஷ்யனான சிவபக்த அரசன் ஒருவன் செய்வித்தான் என்று மட்டும் கல்லில் இருக்கிறது. ஏழு பகுதிகள், ஒவ்வொன்றும் ஒரு பழைய ராகத்துக்கு. ஸ்வரங்களை நான்கு நான்காகச் சேர்த்து வெட்டியிருக்கிறார்கள். நாம் ஸ, ரி, க என்று ஒரே ஒலியில் சொல்வதை அங்கே ர, ரி, ரு, ரெ என்று நாலு உயிரெழுத்தில் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறார்கள். ஏன்? 1904-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். பண்டார்க்கர் ஆராய்ந்து பதிப்பித்தார். அதிலிருந்து வித்வான்கள் வாதாடிக் கொண்டிருக்கிறார்கள். ஸ்ருதி பேதத்தைக் காட்டுகிறது என்கிறார்கள் சிலர். தந்தியை மீட்டும் விரலின் முறையைக் காட்டுகிறது என்கிறார்கள் வேறு சிலர்.

இதையெல்லாம் எனக்கு அவள் சொன்ன விதத்தைத்தான் நான் இங்கே எழுதியிருக்கிறேன். எனக்குச் சங்கீதத்தில் ஆனாவும் தெரியாது. ஆனாலும் புரிந்தது. சொல்லும்போது அவள் வலது கை காற்றிலே வீணை மீட்டிக் கொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை, சம்பந்தி அம்மாள் கவனித்தார்.

"அந்த விரல் விஷயம் வீணையில வாசிச்சுப் பார்த்தா தெரியாதா?" என்று கேட்டார் அவர். பத்தாம் வகுப்போடு நின்றவர்.

என் மருமகள் பதில் சொல்லவில்லை. கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். உடனே அங்கேயே நாலாவது அத்தியாயம் முளைத்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். அத்தியாயங்கள் அப்படி முளைப்பதில்லை.

திரும்பும்போது சித்தன்னவாசலில் இறங்கினோம். தாமரைக் குளத்து ஓவியத்தைப் பார்க்கக் கூட்டம் இருந்தது. நான் வேண்டுமென்றே அவளை மட்டும் மலையின் மறுபக்கத்தில் உள்ள ஏழடிப்பட்டத்துக்கு ஏறச் சொன்னேன். என் முழங்கால் ஏறாது. அங்கே குகைக்குள் சமண முனிவர்கள் படுத்த 17 கற்படுக்கைகள் இருக்கின்றன. வழவழவென்று தேய்த்த கல், தலையணையும் கல்லிலேயே. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய தமிழ்ப் பிராமி எழுத்து ஒன்றில் இருக்கிறது. கைப்பேசியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். முக்கால் மணி கழித்து இறங்கி வந்தாள். என்ன யோசித்தாள் என்று நான் கேட்கவில்லை. காரில் ஏறும்போது அவளாகவே சொன்னாள்: "முடிக்காம விட்டா என்ன ஆகும்னு முழுசா யோசிச்சுப் பார்த்தேன், அத்தை. ஒண்ணும் ஆகாது. இவர் திட்டமாட்டார். பையன் பையனா இருப்பான். ஆனா அந்த எழுத்து ஏன் மாறுதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

பயம் போன இடத்தில் ஆசை மிச்சம் இருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன் அவளைப் படிக்கத் தூண்டியதும் இந்த ஆசைதானே?

இவள் ஒருத்திக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைக்காதீர்கள். 2018-ல் 'நேச்சர் பயோடெக்னாலஜி' சஞ்சிகையில் ஒரு கணக்கு வந்தது. 26 நாடுகளில் ஆராய்ச்சிப் படிப்பும் மேற்படிப்பும் படிக்கும் 2,279 பேரைக் கேட்டதில் நூற்றுக்கு 39 பேருக்கு மனச்சோர்வு மிதமாகவோ கடுமையாகவோ இருந்தது. அதற்கு முந்தைய வருஷம் பெல்ஜியத்தில் 3,659 ஆராய்ச்சி மாணவர்களிடம் விசாரித்தவர்கள் இன்னொன்றும் கண்டார்கள்: வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் நடக்கும் இழுபறி அதற்கு ஒரு முக்கியக் காரணம். பெல்ஜியத்திலேயே அப்படி என்றால், காலை ஆறு மணிக்கு இட்லி, எட்டு மணிக்குப் பள்ளி வேன், பத்து மணிக்கு ருத்ராசாரியார் என்று இருக்கும் நம் வீட்டுப் பெண்களைச் சொல்ல வேண்டுமா?

ஒரு சட்ட விஷயம். இது அவளுக்கே சரியாகத் தெரிந்திருக்கவில்லை. ஆறு வருஷம் முடிந்தால் கதவு சாத்திவிடும் என்று நடுங்கிக் கொண்டிருந்தாள். பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் வெளியிட்ட விதிகளின்படி, ஆராய்ச்சிப் பட்டத்துக்கு ஆறு வருஷம் வரை அவகாசம். மறுபதிவு செய்துகொண்டால் மேலும் இரண்டு வருஷம் தரலாம். பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு வருஷம் தளர்வு உண்டு. மொத்தத்தில் பத்து வருஷத்தைத் தாண்டக்கூடாது. பிரசவத்துக்கும் குழந்தை வளர்ப்புக்கும் 240 நாள் வரை லீவும் தரலாம். இதைக் கேட்பதற்கு வெட்கப்படுகிறார்கள் நம் பெண்கள். சலுகை கேட்டால் கெட்டிக்காரி இல்லை என்று ஆகிவிடுமாம்! ரேஷன் கடையில் நமக்கு உரிய சர்க்கரையைக் கேட்டு வாங்க வெட்கப்படுகிறோமா? உங்கள் பெண்ணோ மருமகளோ படித்துக் கொண்டிருந்தால், அவளுடைய பல்கலைக்கழகத்தில் இது எப்படி நடைமுறையில் இருக்கிறது என்று எழுத்துமூலம் கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. வாரக் கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பயன் என்ற பேச்சு வருகிறது என்றால், கோயிலும் மலையும் மட்டும் போதாது. டாக்டரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற எண்ணில் அரசாங்கத்தின் 'டெலி மானஸ்' சேவை இலவசமாக உண்டு, தமிழிலேயே பேசலாம். காய்ச்சலுக்கு மாத்திரை கொடுக்கத் தயங்காத நாம் இதற்கு மட்டும் திருஷ்டி கழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

இதைப் படிக்கும் மாமியார்களிடமும் அம்மாக்களிடமும் ஒரு சமாசாரம் பேசவேண்டும். "முடிஞ்சுதா?" என்ற கேள்வியைத் தயவுசெய்து நிறுத்துங்கள். நீங்கள் அன்போடுதான் கேட்கிறீர்கள். பால்காரர், எதிர்வீட்டு மாமி, கல்யாண வீட்டில் சந்தித்த ஒன்றுவிட்ட சித்தப்பா எல்லோரும் அன்போடுதான் கேட்கிறார்கள். நாளைக்கு ஏழு தரம் கேட்டால் எந்தப் பெண்தான் கதவைச் சாத்திக்கொள்ள மாட்டாள்? அதற்குப் பதில், "இன்னிக்கு என்ன படிச்சே?" என்று கேட்டுப் பாருங்கள். புரியாவிட்டாலும் கேளுங்கள். சம்பந்தி அம்மாள் கல்வெட்டின் முன் நின்று கேட்ட அந்த ஒரு கேள்வியை அவளுடைய ஆராய்ச்சிக் கமிட்டியில் யாரும் கேட்டதில்லை என்றாள் என் மருமகள். எனக்கு அதில் அவ்வளவு ஆச்சரியம் இல்லை.

படிக்கும் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. கோயிலுக்குப் போனால் அத்தியாயம் வரும், சினிமா பார்த்தால் மூளை சுறுசுறுப்பாகும் என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அப்படிக் கணக்குப் பார்த்துப் போனால் அம்பாளும் ஒரு டானிக் பாட்டில் ஆகிவிடுவாள். சாயங்காலம் பிரகதாம்பாள் சந்நிதியில் விளக்கேற்றும்போது நிற்பது நன்றாக இருக்கிறது, அதற்காக நிற்கலாம். சிநேகிதியோடு வம்பு பேசினால் சந்தோஷமாக இருக்கிறது, அதற்காகப் பேசலாம். தீஸிஸ் முடிந்த பிறகு வாழலாம் என்று ஐந்து வருஷத்தைப் பரண்மேல் போட்டு வைத்தால், இறக்கும்போது அது அப்படியே இருக்குமா? குழந்தைக்கு மூன்று வயது ஒரு தரம்தானே வருகிறது.

திங்கட்கிழமை காலை நான் ஊருக்குக் கிளம்பும்போது அந்தக் கடிதம் இழுப்பறையில்தான் இருந்தது. கிழித்துப் போடவில்லை. இருக்கட்டும் என்றாள். நானும் இருக்கட்டும் என்றேன். வீணையைக் கீழே இறக்கித் தூசி தட்டியிருந்தார்கள். இரண்டு தந்தி அறுந்திருந்தது.

சென்ற வாரம் கூரியரில் ஒரு சின்னப் பொட்டலம் வந்தது. பிரித்தால் அச்சு வெல்லம். கூடவே சம்பந்தி அம்மாளின் கையெழுத்தில் நாலு வரி. பச்சை நோட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் கிடைத்ததாம், பேரன்தான் போட்டிருக்கிறான். திருக்கோகர்ணத்துக்கு இரண்டு பேரும் நேரிலேயே போய் அம்பாளுக்கு வெல்லம் படைத்துவிட்டு வந்தார்களாம். சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை வீட்டில் வீணைச் சத்தம் கேட்கிறதாம். ஒரே ஸ்வரத்தை நாலு விதமாக மீட்டி மீட்டிப் பார்க்கிறாளாம், காது புளிக்கிறது என்று எழுதியிருக்கிறார். கைடிடம் போய் அத்தியாயம் தயாராக இல்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டாளாம். அவர் கோபித்துக்கொண்டாராம். பிறகு, தை மாதம் வரை டயம் கொடுத்தாராம்.

நாலாவது அத்தியாயத்தில் இதுவரை ஒன்பது பக்கம் ஆகியிருக்கிறது. நான் கேட்கவில்லை, சம்பந்தி அம்மாளே எழுதியிருந்தார்.